காதல் மிகுபுனைவுத் தொடரைத் தேர்ந்து வாசிப்பது எப்படி?

முதல் பாகத்தை இரண்டே இரவுகளில் முடித்து, இரண்டாம் பாகத்தை ஆவலோடு வாங்கி, மூன்றாம் பாகத்தை நூறாவது பக்கத்தில் மூடிவைத்துவிட்ட அனுபவம், காதல் மிகுபுனைவுத் தொடர்களை வாசிக்கும் பலருக்கும் இருக்கும். எனக்கும் அது பலமுறை நேர்ந்திருக்கிறது. டிராகன்களும் மந்திர அரசவைகளும் நெடுவாழ்வு கொண்ட ஃபே எனும் தேவதை இனத்தவரும் நிறைந்த இந்த வகைக்கு இன்று 'ரொமாண்டசி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இவ்வகையை நான் மிகவும் விரும்பி வாசிப்பவள். ஐந்தாறு பருமனான புத்தகங்களுக்குத் தம் நேரத்தையும் பணத்தையும் கொடுக்கப்போகும் ஒருவர், அவற்றை எப்படித் தேர்ந்தெடுக்கலாம், எந்த வரிசையில் வாசிக்கலாம், எந்த இடத்தில் வருத்தமின்றி விட்டுவிடலாம் என்பதை என் வாசிப்பிலிருந்து கூற முற்படுகிறேன்.

தொடங்கும் முன்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தத் தொடர் ஒரே இணையின் காதலைப் பல பாகங்களுக்குக் கொண்டுசெல்கிறதா, பாகந்தோறும் புதிய இணையை அறிமுகப்படுத்துகிறதா என்பதுதான். ஹோலி பிளாக்கின் 'தி குரூயல் பிரின்ஸ்' நாவலில் தொடங்கும் மூன்று நூல்களும் ஜூட், கார்டன் என்ற இருவரைப் பற்றியவை. ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' தொடரும் வயலெட், ஸேடன் இருவரையே சுற்றி வருகிறது. மாறாக, தாஷா சூரியின் 'எம்பயர் ஆஃப் சாண்ட்' (2018) அக்காளின் கதை. அதனை அடுத்து வந்த 'ரெல்ம் ஆஃப் ஆஷ்' (2019) தங்கையின் கதை. 'காதலே மையக் கதையாக இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும்' என்பது காதல் நாவலுக்கு அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் வகுத்துள்ள இலக்கணம். பாகந்தோறும் இணை மாறும் தொடரில் அந்த நிறைவு ஒவ்வொரு நூலின் முடிவிலும் கிடைத்துவிடும். ஒரே இணையின் தொடரில் அது கடைசிப் பாகம்வரை தள்ளிப்போகலாம். நடுப்பாகங்கள் வார இதழ்த் தொடர்கதையைப் போல, மிகவும் இக்கட்டான கட்டத்தில் 'தொடரும்' என்று நின்றுவிடும்.

ஆகவே தொடர் முடிந்துவிட்டதா என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஹோலி பிளாக்கின் மூன்று நூல்களும் 2018, 2019 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வெளிவந்து நிறைவடைந்தவை. ரேச்சல் கில்லிக்கின் 'ஒன் டார்க் விண்டோ' (2022), அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் நூலோடு முடிந்துவிடுகிறது. 'ஃபோர்த் விங்' தொடரோ ஐந்து பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. முதல் இரண்டு பாகங்கள் 2023 ஆம் ஆண்டிலேயே வந்துவிட, மூன்றாம் பாகத்துக்கு 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வகைக்குப் புதியவர்கள் முடிந்துபோன இரண்டு அல்லது மூன்று பாகத் தொடர் ஒன்றிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. காத்திருக்கும் ஆண்டுகளில் கதை மறந்துவிடுவது ஒரு பங்கு; நம் ரசனையே மாறிவிடுவது அதைவிடப் பெரிய பங்கு.

அட்டைப்படத்தை வைத்து வயதை முடிவுசெய்ய வேண்டாம். சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015 ஆம் ஆண்டில் இளையோர் நூலாகவே வெளிவந்தது. உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக இடம்பெறும் அத்தொடர் பின்னர் வயது வந்தோருக்கான நூலாகப் புதிய அட்டைகளோடு விற்பனைக்கு வந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோர், தேவதைக் கதை போலத் தோன்றும் அட்டையைக் கண்டு வாங்கிவிடாமல், நூலின் நடுவில் சில அத்தியாயங்களையேனும் தாமே வாசித்துப் பார்க்க வேண்டும்.

வாசிப்பு வரிசை

பெரும்பாலான தொடர்களை வெளிவந்த வரிசையில் வாசித்தால் போதும். குழப்பம் தருவது மாஸின் 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' (2012) போன்ற நீண்ட தொடர்களில்தான். அதன் முன்கதைகளின் தொகுப்பான 'தி அசாசின்ஸ் பிளேட்', தொடரின் முதல் இரண்டு பாகங்கள் வந்த பிறகு, 2014 இல் வெளிவந்தது. முன்கதை என்பதால் அதையே முதலில் வாசிப்போர் உண்டு. நான் அதனை மூன்றாம் பாகமான 'ஏர் ஆஃப் ஃபயர்' நூலுக்குப் பிறகு வாசிக்கச் சொல்வேன். நாயகியின் பழைய காயங்கள் என்னவென்று தெரியாமலே அவளோடு மூன்று பாகங்கள் நடந்துவந்த பிறகு அவற்றை அறியும்போது உண்டாகும் வலி, முதலிலேயே அறிந்துகொள்வதில் இல்லை. ஆனால் நான்காம் பாகத்துக்கு முன் அதை வாசித்தே ஆக வேண்டும். முன்கதையின் முக்கியமான மனிதர்கள் அந்தப் பாகத்தில் மீண்டும் வருகிறார்கள்.

அதே தொடரின் 'எம்பயர் ஆஃப் ஸ்டார்ம்ஸ்' (2016), 'டவர் ஆஃப் டான்' (2017) ஆகிய இரண்டும் ஒரே காலத்தில் வேறு வேறு கண்டங்களில் நடப்பவை. அவற்றை அத்தியாயம் மாற்றி அத்தியாயமாகச் சேர்த்து வாசிக்கும் பழக்கம் வாசகர்களிடையே இருக்கிறது. இரண்டாம் முறை வாசிப்பவர்களுக்கு அது பொருந்தும். முதல்முறை வாசிப்பவர்கள் தனித்தனியாகவே வாசிக்கட்டும். முந்தைய நூலின் முடிவு தரும் அதிர்ச்சியைச் சுமந்துகொண்டே அடுத்த நூலின் அமைதியான மருத்துவ நகரத்துக்குள் நுழைவதில்தான் அந்த இரு நூல்களின் அழகு இருக்கிறது. மாஸின் 'கிரசண்ட் சிட்டி' தொடரை வாசிக்க விரும்புவோர், 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' தொடரை முன்னதாகவே முடித்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; காரணத்தை நூலே காட்டும்.

முதல் பாகத்தை எடைபோடுதல்

முதல் பாகம் நன்றாக இருக்கிறதா என்று அறிய நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். மந்திரத்தை எடுத்துவிட்டால் இந்தக் காதல் மாறுமா? காதலை எடுத்துவிட்டால் இந்தப் போரோ அரசியலோ மாறுமா? இரண்டுக்கும் விடை 'மாறாது' என்றால், அது மாய உலகை வெறும் திரைச்சீலையாகத் தொங்கவிட்ட சாதாரணக் காதல் கதை.

ஜூலியட் மரிலியரின் 'டாட்டர் ஆஃப் தி ஃபாரஸ்ட்' (1999) இந்தச் சோதனையில் மிக உயர்ந்து நிற்கிறது. சூனியத்தால் அன்னங்களாக்கப்பட்ட ஆறு அண்ணன்களை மீட்க, தங்கை சோர்ச்சா முள்நிறைந்த செடியின் நாரைக் கைகள் புண்ணாக நூலாக்கி, அதில் ஆறு சட்டைகள் நெய்ய வேண்டும். அவை முடியும்வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது. அந்த மௌனத்தின் நடுவில்தான் அவளுக்கும் பகைநாட்டைச் சேர்ந்த ஒருவனுக்கும் அன்பு வளர்கிறது. தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாத பெண்ணை ஒருவன் எவ்வாறு புரிந்துகொள்கிறான், அவளுக்கு எது தேவை என்பதை எவ்வளவு பொறுமையாகக் கவனித்துக் கற்றுக்கொள்கிறான் என்பதே அங்கே காதல். சாபத்தை நீக்கிவிட்டால் அந்தக் காதலே இல்லை. அதில் மனத்தை மிகவும் வருத்தும் பாலியல் வன்கொடுமைக் காட்சி ஒன்று உண்டு என்பதை முன்னரே அறிந்துகொண்டு வாசிப்பது நல்லது.

'தி குரூயல் பிரின்ஸ்' உலகில் ஃபே இனத்தவரால் பொய் சொல்ல முடியாது. மனிதப் பெண்ணான ஜூட்டால் முடியும். பொய் சொல்ல இயலாதவன் உண்மைகளை மட்டும் அடுக்கியே எப்படி ஏமாற்றுகிறான், பொய் சொல்லத் தெரிந்தவளை அவன் எப்படி நம்புகிறான் என்ற இரண்டு முனைகளிலும் காதலும் அரசியலும் ஒன்றாகவே நகர்கின்றன. 'ஃபோர்த் விங்' நாவலில் நாயகனும் நாயகியும் சவாரி செய்யும் டிராகன்கள் இரண்டும் தம்முள் துணைகள். அவற்றால் நெடுநாள் பிரிந்திருக்க முடியாது என்பதால், பகையாளிகளான இருவரும் அருகிலேயே இருக்க வேண்டியதாகிறது. அந்த நூலின் மொழிநடையில் எனக்குக் குறைகள் தெரிந்தாலும், இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

முதல் பாகத்திலேயே கவனிக்க வேண்டிய இன்னொன்று அதிகாரம். பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த நாயகனும் பத்தொன்பது வயது நாயகியும் இவ்வகையில் சாதாரணம். அந்த வேறுபாட்டை ஆசிரியர் உணர்ந்து எழுதுகிறாரா என்பதுதான் கேள்வி. நாயகி 'வேண்டாம்' என்று சொன்னால் அவளுக்கு என்ன நேரும் என்று ஒவ்வொரு முக்கியமான காட்சியிலும் கேட்டுப் பாருங்கள். 'எம்பயர் ஆஃப் சாண்ட்', முகலாயப் பேரரசைத் தழுவிய ஓர் உலகில் கட்டாயத் திருமணத்தோடு தொடங்குகிறது. கணவன் ஆமுனும் சபதங்களால் கட்டுண்ட அடிமைதான். மந்திரத்தின் கட்டளையை மீற முடியாத நிலையிலும், அதன் இடுக்குகளில் மனைவிக்கு எவ்வளவு இடம் விட்டுக்கொடுக்க முடியுமோ அவ்வளவும் விட்டுக்கொடுக்கிறான். கட்டுப்பாடு மிகுந்த கதையிலும் சம்மதத்தை இவ்வளவு நுட்பமாக எழுத முடியும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் காணவில்லை.

'விதியால் இணைக்கப்பட்ட துணை' என்ற பிணைப்பும் அப்படியே. விதி சேர்த்துவைத்துவிட்டது என்பதாலேயே இருவரும் பொருத்தமானவர்கள் என்று கதை கூறினால், காதலை வளர்க்கும் உழைப்பை ஆசிரியர் தவிர்த்துவிட்டார் என்று பொருள். மாஸ் தம் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' தொடரில் அந்தப் பிணைப்பை மறுக்கவும் முடியும் என்று வைத்திருக்கிறார். அவ்வாறு பிணைக்கப்பட்டும் பொருந்தாமல் வாழ்ந்த ஓர் இணையையும் காட்டுகிறார். அதனால் அங்கே பிணைப்பு வந்த பிறகும் தேர்வு எஞ்சியிருக்கிறது.

இரண்டாம் பாகத்திலிருந்து

என் அனுபவத்தில், ஒரு தொடரின் தரத்தைக் காதலர் இணையும் இடம் காட்டுவதில்லை. இணைந்த பிறகு ஆசிரியர் அவர்களை என்ன செய்கிறார் என்பதே காட்டுகிறது. நம் மரபு இதை நன்கு அறிந்திருந்தது. காதலைக் களவு என்றும் கற்பு என்றும் பகுத்த மரபில் வந்த வள்ளுவர், காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7 மட்டுமே கொடுத்து, பிரிவாற்றாமையில் தொடங்கி ஊடலுவகையில் முடியும் கற்பியலுக்கு 18 கொடுத்தார். இன்றைய தொடர்களில் பல, களவின் ஏழு அதிகாரங்களை முதல் பாகத்தில் சிறப்பாக எழுதிவிட்டு, மீதிப் பதினெட்டுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் திணறுகின்றன.

அந்தத் திணறலுக்குச் சில அடையாளங்கள் உண்டு. ஒருமுறை அமர்ந்து பேசினால் தீர்ந்துவிடும் மனத்தாங்கலை ஐந்நூறு பக்கங்களுக்கு இழுப்பது முதல் அடையாளம். 'ஃபோர்த் விங்' தொடரின் இரண்டாம் பாகமான 'அயர்ன் ஃப்ளேம்' நூலில் நாயகன் மறைக்கும் இரகசியங்களைப் பற்றிய சண்டை திரும்பத் திரும்ப வந்து என்னைக் களைப்படையச் செய்தது. நம்பிக்கை முறிந்துபோன வலி உண்மையானதுதான், ஆனால் ஒவ்வொரு சண்டையும் முந்தையதைவிட ஓரடியேனும் முன்னே நகர்ந்திருக்க வேண்டும். ஊடல் நீளக் கூடாது என்பதல்ல. ஊடலின் முடிவில் இருவரும் மாறியிருக்க வேண்டும். பாகத்துக்குப் பாகம் புதிய ஆற்றல்களைக் குவித்து, எந்த ஆபத்தையும் ஆபத்தாக உணரவிடாமல் செய்வது மற்றோர் அடையாளம்.

காதலர் இணைந்த பிறகான கதையை மிகச் சிறப்பாக எழுதியதாக நான் கருதுவது, 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' தொடரின் இரண்டாம் பாகமான 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி' (2016). கதையை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். முதல் பாகத்தில் நாயகி ஃபேரா தன் காதலனைக் காப்பாற்ற உயிரையே கொடுத்து, பின் மந்திரத்தால் மீண்டும் உயிர் பெறுகிறாள். வேறொரு நூலாக இருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். இரண்டாம் பாகம், அந்த வெற்றிக்குப் பிறகு இரவுதோறும் கெட்ட கனவு கண்டு வாந்தியெடுக்கும் பெண்ணோடு தொடங்குகிறது. அவளைப் பாதுகாப்பதாக எண்ணி மாளிகைக்குள் அடைத்துவைக்கும் காதலனின் அன்பு, அன்புதானா என்ற கேள்வியை அந்நூல் தயங்காமல் எழுப்புகிறது. முதல் பாகத்தில் நாம் ரசித்த அதே காவல் குணம் இங்கே சிறையாகத் தெரியும்போது, வாசகரும் தம் ரசனையைத் திருப்பிப் பார்க்க வேண்டியதாகிறது. இந்தத் துணிச்சலுக்காகவே, பின்வந்த பாகங்களின் தளர்ச்சியை நான் பொறுத்துக்கொண்டேன்.

எப்போது நிறுத்துவது

இரண்டாம் பாகத்தின் பாதியை என் எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்குள் காதலர் இருவரில் ஒருவரேனும் முதல் பாகத்தின் முடிவில் இருந்ததிலிருந்து மாறத் தொடங்கவில்லையென்றால் நிறுத்திவிடுவேன். வாங்கிய பணத்துக்காகத் தொடர்ந்து வாசித்த நூல்களில் ஒன்றுகூடப் பிற்பாதியில் என்னை மீட்டதில்லை. இதனாலேயே முதல் பாகத்தை மட்டும் வாங்குவது அல்லது நூலகத்தில் எடுப்பது நல்லது. அனைத்துப் பாகங்களும் அடங்கிய பெட்டித் தொகுப்பு விலை மலிவாகக் கிடைத்தாலும் காத்திருங்கள்.

நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது கதைச்சுருக்கம் சொல்ல வேண்டியதில்லை. தொடர் முடிந்துவிட்டதா, உடலுறவுக் காட்சிகள் எவ்வளவு வெளிப்படையானவை, வன்முறை எத்தகையது, எந்தப் பாகம் தளர்கிறது என்ற நான்கையும் சொன்னால் போதும்.

முடிவுறாத தொடரில் புதிய பாகம் வெளிவரும்போது, முந்தையவை அனைத்தையும் மீண்டும் வாசிக்க நேரம் இல்லாதவர்கள் முந்தைய பாகத்தின் கடைசி ஐந்து அத்தியாயங்களையும், அதற்கு முன்பாக, காதலர் முதன்முதலில் சந்திக்கும் அத்தியாயத்தையும் வாசித்துக்கொள்ளட்டும். கதை நினைவுக்கு வந்துவிடும். அந்தச் சந்திப்பிலிருந்து இருவரும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதும் ஒரே மாலையில் தெரிந்துவிடும்.