மழைநீர்க் குழி இருந்தும் கிணறு ஏன் ஊறவில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதனால் இன்று பெரும்பாலான வீடுகளில் மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்குகிறது, தரையில் ஒரு குழி இருக்கிறது. ஆனால் அடைமழையில் அந்தக் குழி நிரம்பி வழிந்து, தண்ணீர் கேட் வழியாகத் தெருவுக்கு ஓடுகிறது. குழி வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வண்டல். மாடித் தூசும் முற்றத்து மண்ணும் மழைநீரோடு உள்ளே போய், மண்ணின் நுண்துளைகளைச் சேறாக அடைத்துவிடுகின்றன. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இதில்தான் போய் முடிகின்றன.

எவ்வளவு தண்ணீரை இழக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை. ஆவியாவது, தெறிப்பது போக நூற்றுக்கு 85 பங்கு கிடைத்தாலும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது லோடு. இது மாடியில் விழுவது மட்டும்.

குழியை ஜல்லி போட்டு நிரப்புவது

மிகப் பரவலான தவறு இது. மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் குழி வெட்டி, மேல்வரை கருங்கல் ஜல்லியோ செங்கல் ஜல்லியோ கொட்டி, மேலே மணல் பரப்பிவிடுவார்கள். கற்களே ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்கு மிஞ்சுவது நாற்பது பங்குதான். பெருமழை அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பது; அதை உடனே வாங்கிக்கொள்ளக் குழிக்குள் காலியிடம் வேண்டும். அதைவிடக் கேடு, கற்களுக்கு இடையில் சேறு இறங்கிவிட்டால் முழுவதையும் வாரி வெளியே போடாமல் சுத்தம் செய்ய வழியில்லை. அதை யாரும் செய்வதில்லை.

இதற்குப் பதில் உறை, அதாவது கான்கிரீட் வளையங்கள், இறக்கிய வெற்றுக் கிணறு. மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழம் என்றால் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். உறைகளின் இணைப்பைச் சிமென்ட் வைத்துப் பூசக் கூடாது, அடியில் கான்கிரீட் போடக் கூடாது. தண்ணீர் வெளியேறுவது அந்த இடைவெளிகள் வழியாகத்தான். மேலே ஆள் ஏறினாலும் தாங்கும் கான்கிரீட் மூடி கட்டாயம். பழைய பலகையையோ தகரத்தையோ போட்டு மூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து.

ஆழத்தை அடிக்கணக்கில் முடிவு செய்வதும் தவறே. அதை மண்தான் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதியில் பத்தடியிலேயே தண்ணீர் இறங்கிவிடும். அண்ணா நகர், பெரம்பூர்ப் பக்கம் மேலே களிமண். களிக்குள்ளேயே குழியை முடித்துவிட்டால் அது தொட்டிபோல் நின்றுகொண்டிருக்கும். களியைத் தாண்டி மணல் அடுக்கு வரும்வரை தோண்ட வேண்டும். தோண்டும் முன் ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தண்ணீர் இறங்கியதும் மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அசையாமல் நின்றால் அந்த ஆழத்தில் குழி பயன்படாது.

மாடித் தண்ணீரை நேராக போர்வெல்லில் விடுவது

குழாயைக் கேசிங் பைப்புக்குள் நேராகச் செருகிவிட்டால் வேலை சுலபம் என்று சில பிளம்பர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பறவை எச்சமும் தூசும் மண் வடிகட்டாமலேயே ஆழத்து நீருக்குப் போய்விடும். வண்டல் ஊற்றுக்கண்களை அடைக்கும். அடைத்த போர்வெல்லைச் சரிசெய்ய ஆகும் செலவில் பக்கத்தில் ஓர் உறைகிணறே இறக்கலாம். போர்வெல்லிலிருந்து பத்தடி தள்ளி அப்படி ஒன்றை இறக்குங்கள். மண் வழியாக வடிந்து இறங்கும் நீர் மெதுவாகத்தான் சேரும், ஆனால் சுத்தமாகச் சேரும். திறந்த கிணறு இருந்தால் மாடி நீரை வடிகட்டி அதில் விடலாம். முற்றத்து நீரை மட்டும் விடவே கூடாது: வண்டியின் ஆயில், நாய் கழிவு, சேறு எல்லாம் அதில் வரும்.

மாடி நீரைத் தரையடித் தொட்டியான சம்புக்கு வடிகட்ட 200 லிட்டர் டிரம் வைப்பவர்கள் அடுக்கைத் தலைகீழாகப் போட்டுவிடுவதுண்டு. சரியான வரிசை: அடியில் கூழாங்கல், அதன்மேல் சிறு ஜல்லி, மேலே கழுவிய பருமணல், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே நைலான் வலை. மேல் மணலை ஓரங்குலம் சுரண்டி எடுத்துக் கழுவிப் போட்டால் போதும், முழு டிரம்மையும் கொட்ட வேண்டியதில்லை. இன்னொன்று: மணிக்கு 50 மி.மீ. மழையில் ஆயிரம் சதுர அடி மாடியிலிருந்து நாலாயிரம் லிட்டர் வரும். ஒரு டிரம் மணலால் அத்தனையையும் வடிகட்ட முடியாது. டிரம்முக்கு மேலே வழியும் நீரை உறைகிணற்றுக்குக் கொண்டுபோகத் தனிக் குழாய் வையுங்கள்.

முதல் மழையைப் பிடிப்பது

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை மாடியைக் கழுவிவிடுகிறது. முதல் இரண்டு மி.மீ. மழையை வெளியே விட்டுவிட வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு அது சுமார் 185 லிட்டர். இதற்கென்று கீழே இரண்டடி நீளக் குழாயை மாட்டி அடியில் எண்ட் கேப் போட்டு வைக்கிறார்கள். நாலு அங்குலக் குழாய் இரண்டடிக்கு ஐந்து லிட்டர்தான் பிடிக்கும், பெயருக்குத்தான் அது. குழாயில் ஒரு வால்வு வைத்து, முதல் மழையில் கால் மணி நேரம் வெளியே திறந்துவிட்டு, தண்ணீர் தெளிந்ததும் குழிப்பக்கம் திருப்புவதே சரியான வழி. அடுத்தடுத்த நாள் மழை பெய்தால் இது தேவையில்லை.

குழாய் வாயில் தட்டையான சல்லடைத் தகடு போடாதீர்கள். நாலு வேப்பிலை விழுந்தால் போதும், மாடி குளமாகிவிடும். கூம்பு வடிவச் சல்லடையில் இலை பக்கவாட்டில் ஒதுங்கும்.

சுத்தம் செய்வதை ஐப்பசி வரை தள்ளிப்போடுவது

வடகிழக்குப் பருவமழையை மட்டும் கணக்கில் வைப்பதால் வரும் தவறு. சென்னையின் மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழையாகவே பெய்துவிடுகிறது. எனவே மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை மாடியைப் பெருக்கி, சல்லடையையும் கேட் ஓரத்து வாய்க்காலையும் வாருங்கள். உறைகிணற்றுக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயைத் தொட்டியின் அடித்தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தால் சேறு அங்கேயே தங்கும். வாருவதும் எளிது.

உறைகிணற்றுக்குள் இறங்கித் தூர்வார ஆளை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். மூடியே கிடந்த கிணற்றில் பிராணவாயு இல்லாமல் போயிருக்கலாம். பெட்ரோல் மோட்டாரை உள்ளே இறக்கி ஓட்டினால் அதன் புகையே உயிரை எடுத்துவிடும். இந்த வேலை தெரிந்த ஆட்களைக் கொண்டு, கயிறும் மேலே காவலும் வைத்து மட்டுமே செய்ய வேண்டும்.

செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே குழி எடுப்பது, துணி துவைத்த தண்ணீரைக் குழியில் சேர்ப்பது, குழியைக் கார்ப்பரேஷன் வடிகாலோடு இணைத்துவிடுவது, இவை மூன்றும் கூடவே கூடாது. வீட்டைச் சுற்றி ஒரு துண்டு விடாமல் பேவர் பிளாக் போட்டு அடியில் சிமென்ட் பூசியவர்கள், குறைந்தது மதிலோரம் இரண்டடி அகலத்துக்காவது மண்ணைத் திறந்து விடுங்கள்.

நல்ல மழை விட்டு மூன்று நாளாகியும் உறைகிணற்றில் தண்ணீர் நின்றால் பெரும்பாலும் அடிமண் அடைத்திருக்கிறது என்று பொருள்; கொசுவும் அங்கேதான் பெருகும். மூடியின் இடுக்குகளுக்கும் குழாய் வாய்க்கும் வலை போடுங்கள். கிணறு உள்ளவர்கள் முடிச்சுப் போட்ட கயிற்றில் கல் கட்டி, மழைக்கு முன்னும் ஒரு வாரம் கழித்தும் நீர்மட்டத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் குழியில் இறங்கிய நீர் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும், அவர்களுடையது உங்களுக்கும் வரும். ஆகவே தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து அளந்தால்தான் எந்த வீட்டுக் குழி அடைத்திருக்கிறது என்று பிடிபடும்.