வாக்கியக் கணக்கில் நேரிய அசமன்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் முதலாம் படிவக் கணிதத்தில், நேரிய சமன்பாட்டுக்கு அடுத்த அத்தியாயமாகவே நேரிய அசமன்பாடு (இரு பக்கமும் சமம் என்று சொல்லாமல், ஒன்று மற்றதைவிடச் சிறியது அல்லது பெரியது என்று சொல்வது) வருகிறது. சமன்பாட்டில் பழகிய கை, இங்கும் ஒரே ஒரு விடையைத் தேடுவதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கையில் கவனித்த வரையில், 2x + 3 < 11 என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் சரியாகத் தீர்த்துவிடுகிறார்கள். அதே கணக்கை நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தால்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ‘சிறிய லோரி ஒன்றில் அதிகபட்சம் 3 டன் செம்பனைக் குலைகளை ஏற்றலாம். ஏற்கெனவே 800 கிலோ ஏற்றியாயிற்று. ஒரு குலையின் சராசரி எடை 20 கிலோ என்றால், இன்னும் எத்தனை குலைகள் ஏற்றலாம்?’ இதற்கு மாணவர் எழுதும் முதல் வரி, பெரும்பாலும், ‘x = குலை’ என்பதுதான். குலையின் எண்ணிக்கையா, எடையா என்பதை அந்த வரி சொல்வதில்லை; அதனால் அடுத்த வரியில் x ஒரு நேரம் எண்ணிக்கையாகவும் இன்னொரு நேரம் கிலோவாகவும் மாறிவிடுகிறது. ‘இனி ஏற்ற வேண்டிய குலைகளின் எண்ணிக்கை n’ என்று முழு வாக்கியமாக எழுதுவதற்குப் பத்து விநாடி ஆகும், சோம்பல்பட வேண்டியதில்லை. அடுத்து அலகு. 20n + 800 ≤ 3 (≤ என்றால் ‘சிறியது அல்லது சமம்’, ≥ என்றால் ‘பெரியது அல்லது சமம்’) என்று டன்னையும் கிலோவையும் கலந்து எழுதிவிட்டு, n ஏன் மைனஸ் நாற்பதுக்குப் பக்கத்தில் வருகிறது என்று விழிப்பவர்கள் உண்டு. மூன்றாவதாக, ‘அதிகபட்சம்’ என்பதற்குள் ‘அதிகம்’ இருப்பதைப் பார்த்து ≥ குறியைப் போட்டுவிடுவார்கள். லோரி தாங்கும் எல்லை 3,000 கிலோ. மொத்த எடை அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே 20n + 800 ≤ 3000, அதாவது n ≤ 110. ‘110’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் முழு விடையாகாது. 0 முதல் 110 வரையுள்ள எந்த முழு எண்ணும் இக்கணக்கின் தீர்வாகும்.

இந்தச் சொல்லுக்கு இந்தக் குறி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. ‘கையில் 50 ரிங்கிட் இருக்கிறது, பஸ்ஸுக்கு 4 ரிங்கிட் எடுத்துவைக்க வேண்டும், நோட்டுப்புத்தகம் ஒன்று 3 ரிங்கிட் 20 சென்’ என்று வரும் கணக்கில் பட்டியலிலுள்ள சொல் ஒன்றுகூட இல்லை. இருப்பதை மீறிச் செலவழிக்க முடியாது என்ற நடைமுறை அறிவே அங்கு ≤ குறியைத் தருகிறது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ‘கவிதாவின் வயது மாலாவின் வயதைவிடக் குறைவு’ என்பது k < m. ‘கவிதாவின் வயது மாலாவின் வயதைவிட 5 குறைவு’ என்பதோ k = m − 5 என்னும் சமன்பாடு; அங்கே அசமன்பாட்டுக்கு வேலையே இல்லை. ‘குறைவு’ என்ற சொல்லை மட்டும் தேடிப் படிப்பவர் இரண்டுக்கும் ஒரே குறியைப் போடுவார்.

எல்லையிலுள்ள எண்ணைச் சேர்ப்பதா, விடுவதா என்பதிலும் மதிப்பெண் போகிறது. 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். சரியாக 1,700 கொடுக்கும் முதலாளி சட்டத்தை மீறவில்லை, ஆகவே சம்பளம் w என்றால் w ≥ 1700. மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் அப்படியே. எண்கோட்டில் வரையும்போது இவ்விரண்டுக்கும் நிரப்பிய வட்டம் வர வேண்டும். < அல்லது > என்றால்தான் வெற்று வட்டம். இதில் ஒரு வேடிக்கை: < , > குறிகள் 1631இல் ஆங்கிலக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட்டின் நூலில் அச்சேறின, சமத்தையும் சேர்த்துக் காட்டும் குறி பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேரிடம் வருவதற்கு 1734 ஆகிவிட்டது. மாணவர்கள் குறிக்குக் கீழேயுள்ள அந்தச் சின்னக் கோடு ஒன்றை மறப்பதில் பெரிய வியப்பில்லை.

தீர்க்கும்போது நேரும் தவறுகளில் கவனிக்கத்தக்கது ஒன்றுதான். 65 ரிங்கிட் வைத்திருப்பவர் நாள்தோறும் சிற்றுண்டிச்சாலையில் 3 ரிங்கிட் செலவழிக்கிறார். 8 ரிங்கிட்டுக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். நாட்களின் எண்ணிக்கை d என்றால், 65 − 3d ≥ 8 என்பது −3d ≥ −57 ஆகிறது. −3 ஆல் வகுக்கும்போது குறி திரும்ப வேண்டும்: d ≤ 19. 2 < 5 என்பது உண்மை. இரண்டையும் −1 ஆல் பெருக்கினால் −2 > −5 ஆகிறது. பூச்சியத்துக்கு மறுபக்கம் போனதும் வரிசை தலைகீழாகிவிடுகிறது. இந்த விதியைக் கற்றபின் சிலர் மைனஸைக் கண்ட இடமெல்லாம் குறியைத் திருப்புகிறார்கள். 4x ≥ −12 என்பதில் வகுக்கும் எண் மிகை எண். ஆகவே x ≥ −3 தான். 19 ≥ d என்று வந்த விடையைத் திருப்பி எழுதும்போது d ≥ 19 ஆக்கிவிடுவோரும் உண்டு; பக்கம் மாறினால் குறியும் சேர்ந்து மாற வேண்டும்.

தசமத்தில் விடை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முழுமையாக்கக் கூடாது. நோட்டுப்புத்தகக் கணக்கில் n ≤ 14.375 என்று வருவதால் 14 புத்தகங்கள்தாம் வாங்கலாம். தீபாவளிக்கு முறுக்கு விற்பவர் கணக்கு வேறு: ஒரு டின்னின் விலை 18 ரிங்கிட், அதற்கான செலவு 11, பாத்திர வாடகை 150, குறைந்தது 400 ரிங்கிட் லாபம் வேண்டும். 7n − 150 ≥ 400 என்பதிலிருந்து n ≥ 78.57 எனக் கிடைக்கிறது. 78 டின் விற்றால் லாபம் 396 தான். 79 விற்றால் 403. இங்கே மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும்.

விடையைச் சரிபார்ப்பவர்கள்கூடத் தாங்கள் எழுதிய அசமன்பாட்டில்தான் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார்கள். அசமன்பாடே தவறாக எழுதப்பட்டிருந்தால் அந்தச் சோதனையில் தவறான விடையும் தேறிவிடும். கேள்வியின் வாக்கியத்துக்கே திரும்பிப் போய், எல்லை எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் அங்கே பொருத்திப் பார்க்க வேண்டும்: 110 குலைகளுக்கு லோரியில் 3,000 கிலோ; 111 ஆனால் 3,020.