பழைய கிரிக்கெட் அட்டைகளை வாங்க, விற்க: உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கான செய்முறை

கீழக்கரையில் உம்மாவின் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உம்மாவின் வாப்பா கொழும்புக்குச் சபர் போனவர், அங்கே கடை வைத்திருந்தவர். டின்னுக்குள் நைந்துபோன ரசீதுகள், இரண்டு சாவிகள், அடியில் 38 கிரிக்கெட் அட்டைகள். தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமானவை. ஜான் பிளேயர் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து 1938-இல் வெளியிட்ட வரிசை அது. பிராட்மனும் இருந்தார்.

அன்றிலிருந்து இரண்டு வருடமாக வாங்கி, விற்று, சேர்த்து வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் அவர்களுடைய வீட்டுக்கு எழுதியவை. நம் ஊர்க்காற்றுக்கு அவை போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன?

நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும். சிகரெட் அட்டைகள் முதல் வகை. இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து, 1940-ஓடு பிரிட்டிஷ் நிறுவனங்கள் அவற்றை நிறுத்திவிட்டன. இரண்டாவது, பிக் ஃபன் பபிள்கம் படங்கள். ரன்னும் விக்கெட்டும் அச்சிட்டிருக்கும், கூட்டிச் சேர்த்துப் பரிசு வாங்கலாம் என்று நாம் பைத்தியமாகத் திரிந்தது நினைவிருக்கும். மூன்றாவது, தொண்ணூறுகளின் டிரம்ப் கார்டுகள். வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்த கால்பந்து, கூடைப்பந்து அட்டைகள் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

விலையைப் பற்றி இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட மிக்கி மான்டில் பேஸ்பால் அட்டை ஒன்று 2022-இல் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலர் டின்னைத் திறக்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை டாப்ஸ் நிறுவனம் பின்னாளில் அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே இதைச் சொல்லியிருக்கிறார். மிஞ்சியது கொஞ்சம், அதிலும் மடங்காமல் கசங்காமல் மிஞ்சியது மிகக் கொஞ்சம். அதனால்தான் அந்த விலை. என் 1938 வரிசை ஏராளமாக அச்சானது. 50 அட்டையும் நல்ல நிலையில் இருந்தால்கூடச் சில ஆயிரம் ரூபாய்தான் தேறும். வயதை வைத்து விலை போடாதீர்கள். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, யார் தேடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒட்டிக்கொண்ட அட்டைகளைப் பிரிப்பது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

1938 வரிசையின் பின்புறம் பசை தடவி வந்தது, தபால்தலை மாதிரி. ஈரப்படுத்தி ஆல்பத்தில் ஒட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு. எண்பது வருடம் நம் கடற்காற்றில் கிடந்தால் ஈரப்படுத்த ஆள் தேவையில்லை, ஒவ்வொரு வாடைக்காலமும் அந்த வேலையைச் செய்துவிடும். டின்னில் இருந்த 38-இல் 14 அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன.

நான் ஒரு ஜோடியை எடுத்து, ஓரத்தில் நகத்தை நுழைத்து, மெல்ல இழுத்தேன். வந்துவிடும்போலத்தான் இருந்தது. பிறகு முறுக்கு உடைவதுபோல ஒரு சத்தம். மேல் அட்டையின் பசை கீழ் அட்டையின் முகத்தோல் முழுவதையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது. தொப்பி இருந்த இடத்தில் வெள்ளைக் காகித நார். எண்பது வருடம் பத்திரமாக இருந்ததை அரை நிமிடத்தில் அழித்துவிட்டேன். அன்று இரவு அந்த டின்னை நான் திறக்கவே இல்லை.

ஆகவே இழுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அக்காலச் சிகரெட் அட்டைகளின் அச்சு மை வெறும் தண்ணீருக்குப் பொதுவாகக் கரையாது, பசை கரையும். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் இரண்டாவது முறை சறுக்கினேன். கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்திவிட்டேன். அட்டைகள் அழகாகப் பிரிந்தன. காய்ந்த பிறகு பார்த்தால் கறுப்புப் பகுதிகளின் மேல் மாவு தூவியதுபோல வெள்ளைப் பூப்பு. உப்பு! அது பார்வைக்கு மட்டும் கேடு இல்லை. காகிதத்துக்குள் தங்கிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை முறை காயவைத்தாலும் அட்டை மறுபடி பதமாகிவிடும். நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அலசித்தான் சரியானது.

சரியான முறை இதுதான். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஒரு தட்டையான கிண்ணத்தில் ஊற்றுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கும் குறைவாக, வெதுவெதுப்பாக இருக்கட்டும். கட்டியை அப்படியே அமிழ்த்தி இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பிரிக்கப் பார்க்காதீர்கள். பிறகு தண்ணீருக்குள் வைத்தே, மேல் அட்டையைத் தூக்காமல் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் சரி. இல்லையென்றால் தண்ணீரை மாற்றி இன்னும் இருபது நிமிடம். எனக்கு ஒரு கட்டி மூன்று மணி நேரம் பிடித்தது. பிரிந்ததும் பின்புறம் கொழகொழவென்று மிஞ்சிய பசையைத் தண்ணீருக்குள்ளேயே விரல்நுனியால் தடவிக் கழற்றுங்கள். அப்புறம் மை ஒற்றும் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முதல் நாள் தாளை மூன்று முறை மாற்றி, நான்கு நாள் விடுங்கள். வெயிலில் வைத்தால் பரோட்டா மாதிரி சுருளும். மின்விசிறிக் காற்றும் வேண்டாம்.

பபிள்கம் படங்களையும், பளபளப்புப் பூச்சுள்ள டிரம்ப் கார்டுகளையும், பேனாவால் கையெழுத்திட்ட எதையும் தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இப்படிப் பிரித்த அட்டையை விற்கும்போது, ஊறவைத்துப் பிரித்தது, பின்பசை நீக்கியது என்று எழுதியே விற்க வேண்டும். விலை குறையும், குறையட்டும். வாங்குகிறவர் பின்னால் கண்டுபிடித்து வருந்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

உண்மையானதா, மறு அச்சா?

சிகரெட் அட்டைகளுக்கு மறு அச்சு ஏராளமாக உண்டு. அப்படி என்று சொல்லியே வெளியிட்டவைகூடக் கை மாறும்போது அசல் ஆகிவிடுகின்றன. நான் இரண்டு சோதனை செய்கிறேன்.

நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை, அது தன் இஷ்டத்துக்குப் படத்தைத் திருத்துகிறது. லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து ஒரே கோடாக, முழுமையாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தின் ஓரம் வண்ணப் புள்ளிகளாகச் சிதறும்.

இரண்டாவதற்குச் செலவே இல்லை. கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் நீல விளக்கின் கீழே அட்டையைக் காட்டுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் போருக்குப் பிறகுதான் பரவலாயின. 1938 காகிதம் அந்த விளக்கில் மங்கிக் கிடக்கும், புதுக்காகிதம் நீலமாக மின்னும். எங்கள் தெரு மளிகைக் கடை மாமாவிடம் முதல் முறை கேட்டபோது விளக்கைத் தந்துவிட்டு, “பிள்ளை, இதுல காந்தி தெரியலையே!” என்றார். இப்போது நான் போனாலே விளக்கை எடுத்து முன்னால் வைத்துவிடுவார். பழைய வெற்றுக் காகிதத்தில் அச்சடித்த போலி இதில் தப்பிவிடும் என்பதால் லென்ஸும் வேண்டும்.

விலை பார்ப்பது

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபே தளத்தில் தேடிவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டியைப் போடுங்கள். ஐந்தாறு விற்பனைகளைக் குறித்துக்கொண்டு, உங்கள் அட்டையின் அதே நிலையில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். நான்கு மூலைகள், ஓரங்கள், படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று நான்கையும் பார்க்க வேண்டும். பிஎஸ்ஏ போன்ற, அட்டைகளைத் தரம் பார்க்கும் நிறுவனங்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுவதும் இவற்றை வைத்துத்தான். சில நூறு ரூபாய் அட்டையை அமெரிக்காவுக்கு அனுப்பி மதிப்பெண் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

வாங்குவது எங்கே?

பழைய பேப்பர் கடைகள், வீடு இடிக்கும் இடங்கள், இலங்கைத் தொடர்புள்ள குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகள். ராமநாதபுரத்தில் ஒரு பேப்பர் கடையில் பள்ளி நோட்டுகளுக்கு நடுவே டிரம்ப் கார்டு கட்டு ஒன்று எனக்குக் கிலோ விலையில் கிடைத்தது. கடைக்காரரிடம் அப்படி வாங்குவது வியாபாரம். ஆனால் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டும்போது, அதன் விலை தெரிந்த நாம் தெரியாததுபோல எடுத்துக்கொண்டு வரக் கூடாது. விற்ற விலைகளை அவரிடம் காட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சேமிப்பு

லேமினேஷன் செய்யாதீர்கள். நல்ல அட்டைகளை அதில்தான் நம் ஊரில் அதிகம் இழந்திருக்கிறோம். வெயிலில் ஒட்டும், வாசனை வரும் பிவிசி உறைகளும் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் உறைதான் சரி. உறையிட்ட அட்டைகளை ரப்பர் வளையமுள்ள, காற்றுப்புகாத டப்பாவில் வைத்துச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால் எப்போது ஈரம் குடித்துவிட்டது என்று தெரியும். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும். டப்பாவுக்குள் சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்று வையுங்கள், 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். அரிசி போடச் சொல்வார்கள். அரிசித் தூசிக்குப் பூச்சி வரும், போடாதீர்கள்.

விற்பது, அனுப்புவது

படம் எடுக்கக் காலை வெளிச்சத்தில் திண்ணை போதும். ஃபிளாஷ் வேண்டாம். முன், பின், நான்கு மூலை, ஒருமுறை சாய்த்து. குறையைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும்.

பணம் வரும்போது ஒரே விதி: யுபிஐயில் பணம் பெற நீங்கள் ரகசியப் பின் எண் போடத் தேவையே இல்லை. ‘கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

அட்டையை முதலில் மென்மையான உறையில், பிறகு டாப்லோடர் எனும் விறைப்பான உறையில் இடுங்கள். டாப்லோடர்கள் இன்றைய இரண்டரைக்கு மூன்றரை அங்குல அட்டைக்காகச் செய்தவை. சிகரெட் அட்டை அதற்குள் ஆடும், ஆடினால் மூலை மழுங்கும். சிகரெட் அட்டை அளவு உறை தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். வாயைப் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பால் மூடி, நுனியை மடித்து விடுங்கள். செலோ டேப் பசை உருகி உறைக்குள் இறங்கும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மழைக்காலத்தில் அந்த பிளாஸ்டிக் பையை மறந்துவிடாதீர்கள்.

100 ஆண்டு தாண்டிய பொருள் என்றால் வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் நில்லுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் தொல்பொருளை ஏற்றுமதி செய்ய முடியாது. வில்ஸ் நிறுவனத்தின் 1896 கிரிக்கெட் வரிசை போன்றது கையில் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பிற்சேர்க்கை 1: தொண்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். சொன்னபடியே ஊறவைத்தாராம், ஆனால் அசல் அட்டை நீல விளக்கில் பளிச்சென்று மின்னுகிறதாம், வாங்க வந்தவர் போலி என்று திரும்பிவிட்டாராம். துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் ஊறவைத்திருக்கிறார். சோப்புத்தூளிலும் வெளுப்பூட்டும் அதே வகை ரசாயனம் உண்டு, அது காகிதத்தில் ஏறிவிட்டது. கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணம் மட்டும் பயன்படுத்துங்கள்.

பிற்சேர்க்கை 2: மை ஒற்றும் தாள் கிடைக்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். வெளுப்பூட்டாத, சோப்புத்தூள் படாத பருத்தித் துணி போதும். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.

என் 1938 வரிசையில் இன்னும் 11 அட்டைகள் இல்லை. தோல் உரிந்ததும் அந்தப் பதினொன்றில் சேர்த்திதான். யார் வீட்டு டின்னிலாவது இருந்தால், பிரிக்காமல், அப்படியே படமெடுத்து அனுப்புங்கள்.