மஞ்சள் தொடங்கியது மேலேயா, கீழேயா?

செடியில் இலை மஞ்சளானால் உரத்தைத் தேடி ஓடாதீர்கள். மஞ்சள் முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலையில் தொடங்கியதா, நுனித் தளிரிலா என்று பாருங்கள்.

தழைச்சத்தும் (நைட்ரஜன்) மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. குறை வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்து அப்படி நகராது, அதனால் தளிர்தான் முதலில் வெளுக்கும்.

அடி இலை ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை, தொழுவுரம் போதும். அடி இலையில் நரம்புகள் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியக் குறை. நீலகிரியின் அமில மண்ணிலிருந்து மழை மெக்னீசியத்தை அரித்துச் சென்றுவிடும் என்பதால், தக்காளியிலும் ரோஜாவிலும் நாம் அதிகம் காண்பது இந்தக் குறையே. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் எப்சம் உப்பைக் (மெக்னீசியம் சல்ஃபேட்) கரைத்துக் காலையில் இலைமேல் தெளியுங்கள். வெளுத்த இலை முழுதாகத் தேறாது. புதிய இலைகளைப் பார்த்தே பலனை முடிவுசெய்யுங்கள். தளிர் வெளுத்தால், சுண்ணாம்பு அதிகம் போட்டோமா என்று யோசியுங்கள். அமில மண்ணில் இரும்புக்குப் பொதுவாகப் பஞ்சமில்லை; சுண்ணாம்பு மிஞ்சினால் அது வேருக்குக் கிடைக்காமல் போகும்.

பருவமழையில் தொட்டி மண் சொதசொதவென்று இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மூச்சு முட்டிய வேர் எந்தச் சத்தையும் எடுக்காது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டு ஈரம் பாருங்கள். உருளை, தக்காளி இலையில் பழுப்புத் திட்டும் அடியில் வெண்பூஞ்சையும் தெரிந்தால் அது கருகல் நோய். ஊட்டியில் ஜனவரி உறைபனி கருக்கிய இலைக்கும் உரம் மருந்தாகாது.