அடிமுதுகு இறுக்கமும் மன அலைச்சலும் குறைய அரை மணி நேர யோகப் பயிற்சி

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள் சேர்ந்தே வரும். இடுப்பும் அடிமுதுகும் இறுகிப்போகும். படுத்த பிறகும் மனசு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் பொதுவான ஒரு பயிற்சி வரிசையைக் கீழே தருகிறேன். வாரத்துக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் வியர்க்க வியர்க்கச் செய்வதைவிட, வாரம் 5 நாள் அரை மணி நேரம் நிதானமாகச் செய்வதே பலன் தரும். நாள்பட்ட அடிமுதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவை என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகாவும் இருக்கிறது. ஆனால் தப்பாகக் குனிந்தால் அதே யோகாவே வலியைக் கூட்டும். அதனால் குனியும் படியை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

யார் நேரடியாகத் தொடங்கக் கூடாது

இடுப்பிலிருந்து கால்வரை சுரீரென்று வலி இறங்குகிறது, கால் மரத்துப்போகிறது என்றால் முதலில் மருத்துவர். க்ளாக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் கண் நோய்), கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இருப்பவர்கள் தலையைத் தாழ்த்தும் ஆசனங்களை விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. மனநல மருந்து எடுப்பவர்கள், தூக்கம் நன்றாக வருகிறதே என்று மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

என்ன வேண்டும்

4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேட் போதும். 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான மெத்தென்ற மேட் வாங்காதீர்கள். நின்று செய்யும்போது பாதம் அதில் புதைந்து கணுக்கால் ஆடும். முட்டி வலித்தால் முட்டிக்கு அடியில் மட்டும் துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு கெட்டியான போர்வை, ஒரு நாற்காலி, ஒரு சுவர். யோகா பெல்ட்டுக்குப் பதில் நீளமான துண்டு நன்றாகவே வேலை செய்யும். போனில் டைமர் தவிர வேறெதுவும் வேண்டாம். வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்தால் கழுத்து திரும்பியே இருக்கும், மூச்சு எண்ணிக்கையும் தவறும்.

சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

படி 1: மூச்சைப் பிடிமானத்துக்குக் கொண்டுவருதல் (3 நிமிடம்)

மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். விடும் நேரத்தை நீட்டச் சொல்வது அதனால்தான். 6 வரை விட்டதும் அடுத்த மூச்சுக்குத் திணறினால் 3-க்கு 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆழமாக மூச்சு விடு’ என்பதைப் பலரும் ‘நிறைய மூச்சு விடு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேகமாக, பெரிது பெரிதாக இழுத்து விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு இறங்கும். தலை சுற்றும், விரல் நுனி கூசும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத மூச்சுதான் சரியான மூச்சு.

படி 2: பூனை ஆசனம் (8 முறை)

கைகளையும் முட்டிகளையும் ஊன்றி, இழுக்கும்போது நெஞ்சை முன்னே கொண்டுவாருங்கள், விடும்போது முதுகை மேலே வளையுங்கள். அசைவு மூச்சைவிட முந்தக் கூடாது. மணிக்கட்டு வலித்தால் கையை முஷ்டியாக மடக்கி ஊன்றுங்கள்.

படி 3: உத்தானாசனம், அதாவது நின்று குனிதல்

எல்லோரும் தடுமாறும் இடம் இது. கால்விரலைத் தொட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

தொடையின் பின்தசைகள் நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி முட்டிக்குக் கீழே போய் முடிகின்றன. அவை இறுகியிருக்கும்போது முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு குனிந்தால், இடுப்பெலும்பை அவை கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு திரும்ப முடியாததால் அடிமுதுகு கூன் போட்டு அந்தத் தூரத்தை ஈடுகட்டும். விரல் தரையைத் தொட்டிருக்கும். நீண்டிருப்பது தொடை அல்ல, ஏற்கெனவே வலிக்கும் முதுகு.

செய்ய வேண்டியது இதுதான். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். விரல் நுனிகளைத் தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் வையுங்கள். முட்டிகளைத் தாராளமாக மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே குனியுங்கள். விரல்கள் அந்த மடிப்பில் நசுங்க வேண்டும். நசுங்கவில்லை என்றால் வளைவது முதுகு. வயிறு தொடையில் படியும்வரை முட்டியை மடக்கி, கைகளை நாற்காலி இருக்கையில் ஊன்றுங்கள். இப்போது வயிறு தொடையை விட்டு விலகாமல் முட்டியை மெல்ல நிமிர்த்துங்கள். விலகத் தொடங்கும் இடமே இன்றைய எல்லை. அங்கே 5 மூச்சு நில்லுங்கள்.

எங்கே இழுக்கிறது என்று கவனியுங்கள். தொடையின் பின்புறம் நடுப்பகுதியில் இழுத்தால் சரி. முட்டிக்குப் பின்னால் இழுத்தால் இன்னும் மடக்குங்கள். உட்காரும் எலும்பிலேயே குத்தினால் அது தசைநாண் ஒட்டும் இடம். பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினால் மாதக்கணக்கில் ஆறாது. நிமிரும்போது கைகளைத் தொடையில் ஊன்றி, முட்டி மடங்கியபடியே எழுந்திருங்கள்.

காலையில் செய்பவர்களுக்கு இன்னொன்று. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை போன்ற டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆழமாகக் குனிய வேண்டாம். அந்த நேரத்தில்தான் முடியும் என்றால் இந்தப் படியை விட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒன்றும் குறையாது.

படி 4: புஜங்காசனம் (4 முறை), சேதுபந்தாசனம் (6 முறை)

புஜங்காசனம் என்பது குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது. அதில் கையால் தள்ளி எழாதீர்கள். உள்ளங்கையைத் தரையிலிருந்து ஒரு நொடி தூக்கிப் பாருங்கள். நெஞ்சு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் முதுகின் உயரம். பெரும்பாலும் ஒரு சாண்கூட இருக்காது. சேதுபந்தாசனத்தில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, மூச்சை இழுத்துக்கொண்டே இடுப்பைத் தூக்கி, விட்டுக்கொண்டே இறக்குங்கள். தொடையின் பின்புறம் பிடித்துக்கொண்டால் பாதங்களைப் பிட்டத்துக்கு அருகே கொண்டுவாருங்கள்.

பிறகு மடக்கிய முட்டிகளை வலமும் இடமும் சாய்த்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம்.

படி 5: நாடிசுத்தி, அதாவது நாசி மாற்றி மூச்சு விடுதல் (5 நிமிடம்)

இரண்டு போர்வைகளையும் மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் நாற்காலி. வலது நாசியை மூட வலக்கைக் கட்டைவிரல், இடதை மூட மோதிர விரல். இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. இங்கேயும் 4-க்கு 6 தான்.

திருமந்திரத்தில் 16 மாத்திரை (பழைய கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32-இல் விடும் கணக்கு வருகிறது. அதைப் படித்துவிட்டு முதல் வாரமே மூச்சை அடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது வழிகாட்டியின் அருகில் நெடுநாள் பழகியவர்களுக்கானது. படபடப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கினால் படபடப்பு கூடத்தான் செய்யும். தொடக்கத்தில் கும்பகமே (மூச்சை அடக்குவதே) வேண்டாம்.

ஒரு நாசி அடைத்திருந்தால் 2 நிமிடம் எதிர்ப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். மேலே இருக்கும் நாசி பெரும்பாலும் திறக்கும். சளி பிடித்திருந்தால் விரல் வைக்காமல் மூச்சை மட்டும் நீட்டி விடுங்கள்.

படி 6: சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுத்தல் (குறைந்தது 5 நிமிடம்)

அவசரத்தில் எல்லோரும் வெட்டுவது இதைத்தான். நேரம் இல்லையென்றால் படி 4-ஐ வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். முட்டிக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தால் அடிமுதுகு தரையில் படியும். உடம்பு சீக்கிரம் குளிரும், இன்னொன்றைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடியதும் பயமோ பழைய நினைவுகளோ கிளம்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து கூரையில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், சுவரில் சாய்ந்து உட்காரலாம். அப்படியும் அடங்காவிட்டால் எழுந்து படி 2-ஐ இன்னொரு முறை செய்யுங்கள். கொதிக்கும் மனசுக்கு அசைவு முதலில், அசையாமை பிறகு. தூக்கம் வந்துவிட்டால் தப்பில்லை. ஆனால் தினமும் 2 நிமிடத்திலேயே குறட்டை வந்தால் உங்களுக்கு இரவுத் தூக்கம் போதவில்லை, அதை முதலில் பாருங்கள்.

சேர்க்கை: விபரீதகரணி, அதாவது சுவரில் கால் ஏற்றுதல்

சவாசனத்துக்குப் பதில் விபரீதகரணி செய்யலாமா என்றால், இரவில் தாராளமாக. பிட்டத்தைச் சுவரோடு ஒட்ட வேண்டும் என்பதில்லை. தொடைப்பின்தசை இறுகியவர்கள் ஒரு சாண் தள்ளிப் படுத்து முட்டியை லேசாக மடக்கட்டும். பாதம் மரத்தால் உடனே முட்டிகளை மார்புக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் உருண்டு எழுந்திருங்கள். விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.