கடலோரத் திடலில் இலவசக் கச்சேரி: பாயை எங்கே விரிப்பது?

பினாங்கின் கடலோரத் திடலான பாடாங் கோத்தா லாமாவில் இலவச இசைவிழா என்றால் ஆறு மணிக்கே போய்விடுவேன். காரை எடுக்காதீர்கள்; ஜார்ஜ்டவுனைச் சுற்றும் ‘கேட்’ (CAT) என்ற இலவச பஸ் இருக்கிறது.

மேடைக்கு நேர் முன்னால் உட்கார வேண்டாம். அங்கே ஸ்பீக்கரின் பேஸ் நெஞ்சில் இடிக்கும், குரல் அமுங்கிவிடும். ஒலியைச் சரிசெய்பவர் மேசை போட்டிருப்பார் அல்லவா, அதன் அருகில் பாயை விரியுங்கள். தன் காதில் விழுவதை வைத்துத்தான் அவர் சரிசெய்கிறார். அதே ஒலி உங்களுக்கும் கிடைக்கும். அங்கிருந்துதான் ஒருமுறை தபேலாவில் விரல்நுனி உரசுவதைக்கூடக் கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது!

மக்ரிப் பாங்கு (அந்தி நேரத் தொழுகை அழைப்பு) நேரத்தில் பெரும்பாலும் இசையை நிறுத்துவார்கள். அதற்குள் லிட்டில் இந்தியாவுக்கு நடந்துபோய் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) தப்பாவ் பண்ணிவிடலாம், அதாவது பொட்டலமாக வாங்கி வந்துவிடலாம். அப்புறம், மழை வந்தால் குடை வேண்டாம், ரெயின்கோட் போடுங்கள். பின்னால் இருப்பவரும் பார்க்க வேண்டுமே.