பெரிய பெயரா, நிறைய வசதியா? நாற்பது லட்சத்துக்கு மேல் கார் எடுக்கிறவர்களுக்கு

ஆடி க்யூ3, ஸ்கோடா கோடியாக் இரண்டும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் பிறந்தவை. எம்க்யூபி என்ற அதே அடித்தளம். 2022-இல் இந்தியாவில் புதிய வடிவில் வந்தபோது இரண்டிலும் இருந்தது அதே 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்: 190 பிஎஸ், 320 நியூட்டன் மீட்டர், 7 கியர், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. ஆனால் கோடியாக் 34.99 லட்சத்தில் தொடங்கியது, க்யூ3 44.89 லட்சத்தில். விலை குறைந்த வண்டியில் ஏழு இருக்கை, 9 ஏர்பேக். விலை கூடியதில் ஐந்து இருக்கை, 6 ஏர்பேக்.

அந்தப் பத்து லட்சத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது? எந்த இரண்டு வண்டிக்கு நடுவில் நீங்கள் தடுமாறினாலும், முதலில் இதற்குத்தான் பதில் தேட வேண்டும். கோயம்புத்தூரில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். அடிபட்ட வண்டியையும் அதற்கு வரும் பில்லையும் பார்ப்பதுதான் என் தொழில். ஷோரூமில் சொல்ல விட்டுப்போகும் சில விஷயங்கள் எங்கள் மேஜைக்கு வந்துதான் தெரியும்.

எக்ஸ்-ஷோரூம் விலையை ஒதுக்கிவிட்டு, வரியும் இன்சூரன்ஸும் சேர்ந்த ஆன்-ரோடு விலையைக் கையில் எடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பத்து லட்ச வித்தியாசம் பதிவு முடியும்போதே பன்னிரண்டு லட்சம் ஆகிவிடும். அதற்கு மேல் இன்சூரன்ஸ் பிரீமியம், கடன் வட்டி. விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரியான டிசிஎஸ் 1 சதவீதம் பிடிப்பது பெரிய விஷயமில்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரே ஆன்-ரோடு தொகைக்குள் இரண்டு பிராண்டிலும் எந்தெந்த வேரியன்ட் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பெரிய பெயரின் அடி வேரியன்ட்டும் மற்றதன் உச்ச வேரியன்ட்டும்தான் எதிரெதிரே நிற்கும். பழைய கணக்கை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். 2025-இல் வந்த புதிய கோடியாக் 46.89 லட்சத்தில்தான் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முந்தைய வித்தியாசம் இன்று இருக்க வேண்டும் என்றில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஜிஎஸ்டியும் மாறியது. இந்த வாரக் கோட்டேஷனை மட்டும் நம்புங்கள்.

அப்புறம் வசதிப் பட்டியல். அதை இரண்டாகப் பிரியுங்கள். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் வண்டியில் சேர்க்க முடியாதவை ஒரு பக்கம்: ஏர்பேக், நான்கு சக்கர இழுவை, சாலைக்கேற்ப மாறும் சஸ்பென்ஷன், வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள நீளம்), இருக்கையின் உட்காரும் வாட்டம். வெளியில் போட்டுக்கொள்ளக் கூடியவை இன்னொரு பக்கம்: ஸ்பீக்கர், உள் விளக்கு, டயர். கலர் கலராக ஒளிரும் டேஷ்போர்டு விளக்குக்காக இரண்டு ஏர்பேக்கை விட்டுக்கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். மோதிய வண்டிகளை நேரில் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: எவ்வளவு சம்பளக்காரராக இருந்தாலும், எந்த பிராண்டாக இருந்தாலும், பாதுகாப்பு குறைந்த வேரியன்ட்டை எடுக்காதீர்கள்.

கேமரா, சென்சார் வைத்து ஓட்டுநருக்கு உதவும் ஏடாஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கோவை–சேலம் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் குரூஸ் உண்மையிலேயே களைப்பைக் குறைக்கிறது. காந்திபுரத்து டூவீலர் நெரிசலில் அதே அமைப்பு அடிக்கடி கத்தும். உங்கள் ஓட்டம் நெடுஞ்சாலையில் என்றால் அதற்குக் காசு கொடுங்கள், ஊருக்குள் என்றால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

திருப்பூரில் பின்னலாடை யூனிட் வைத்திருக்கும் என் அக்கா மகனும் இதே குழப்பத்தில் வந்தான். "மாமா, பையரை ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வர்றப்ப வண்டி பேரு பேசுமுங்க" என்றான். பையர் என்றால் துணிக்கு ஆர்டர் கொடுக்கிறவர். அதில் நியாயம் இருக்கிறது. தொழிலில் அந்தச் சின்னத்துக்கு மதிப்பு உண்டு, அதை ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. ஆனால் "மாப்ளே, அந்தப் பையர் எங்க உக்காருவாரு?" என்று கேட்டேன். பின் சீட்டில். அங்கேதான் க்யூ3-இன் வீல்பேஸ் 2680 மில்லிமீட்டர், பழைய கோடியாக்கினுடையது 2791. முழங்காலுக்கு முன்னால் அது நன்றாகவே தெரியும்.

ஆகவே டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் முழங்கால் வலி உள்ள பெரியவரை அழைத்துப்போங்கள். அவர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். நீங்கள் ஒருமுறை ஓட்டிவிட்டு, அதே சாலையில் இன்னொருவரை ஓட்டச்சொல்லிப் பின் சீட்டில் உட்காருங்கள். குண்டும் குழியுமான தெருவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்லுங்கள். மலைக்குப் போகிற குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் குழந்தைக்கு வயிற்றைப் புரட்டுவது சஸ்பென்ஷனைப் பொறுத்தும் இருக்கிறது. ஓட்டப்போவது நீங்கள் மட்டும், கூட வருவது ஒருவர், நிறுத்துவது நெருக்கமான தெருவில் என்றால், அளவில் சிறிய க்யூ3 சரியான வண்டி. அதன் உள் வேலைப்பாட்டின் சுத்தமும் தினமும் கையில் படும் சந்தோஷம்தான்.

இப்போது என் மேஜைக்கு வருவோம். வாங்கும் முன் இரண்டு சர்வீஸ் சென்டரிலும் நான்கு பொருளின் விலையைக் கேளுங்கள்: முன் பம்பர், ஒரு பக்க எல்இடி ஹெட்லைட், முன் கண்ணாடி, பக்கவாட்டு மிரர். நம் ஊரில் அதிகம் உடைபவை இவைதான். ஏடாஸ் கேமரா உள்ள வண்டியில் முன் கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்பச் சரிசெய்யும் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்போம், வண்டி வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும். உலோகத்துக்கு வயதைப் பொறுத்துக் கூடும், கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக் என்பதை நினைவில் வையுங்கள். விலை கூடிய வண்டியில் அந்தப் பாதி உங்கள் கையிலிருந்து போகும். இந்தத் தேய்மானத்தைக் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசியைக் கட்டாயம் போடுங்கள். அது பொதுவாக முதல் ஐந்து வருடத்துக்குத்தான் கிடைக்கும், அதற்கு மேல் வைத்திருப்பீர்கள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். தேங்கிய நீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி தராது. இன்ஜின் புரொடெக்ட் தனியாக எடுக்க வேண்டும்.

மறுவிற்பனைக்கு ஐடிவியை, அதாவது பாலிசியில் எழுதும் வண்டி மதிப்பை, நம்ப வேண்டாம். நான்கிலிருந்து ஐந்து வயதுள்ள எந்த காருக்கும் ஐடிவி அட்டவணை சொல்வது 50 சதவீதக் கழிவு, பிராண்ட் பார்க்காது. சந்தை பார்க்கும். பழைய கார் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் இரண்டு வண்டிக்கும் விலை கேளுங்கள், விற்கும் விலையை அல்ல, அவர்கள் வாங்கும் விலையை.

இத்தனைக்குப் பிறகும் மனம் பெரிய பெயரிடமே நின்றால் அதையே எடுங்கள். ஆனால் கடனை நீட்டி அடி வேரியன்ட்டில் முடிக்காதீர்கள். பாதுகாப்பு வசதிகள் முழுதாக உள்ள வேரியன்ட் கைக்கு எட்டும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் மற்றதன் உச்ச வேரியன்ட்டை நிம்மதியாக எடுங்கள். முன்பணம் கட்டும்போது உற்பத்தி மாதமும் வருடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளுபடியோடு வருவது முந்தைய வருட வண்டியா என்று அப்போதே கேளுங்கள். அப்படியென்றால் தள்ளுபடியை இன்னும் கூட்டிக் கேளுங்கள். வண்டி கைக்கு வரும்போது விற்பனைச் சான்றான படிவம் 21-இல் அதே மாதமும் வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள்.